இரைப்பைப் புற்றுப் பரவலில் நுண்ஆர்.என்.ஏக்கள்: சான்றுகளின் மூலம் குறித்து ஒரு மதிப்பீடு

ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே உடைய நுண்ஆர்.என்.ஏக்கள், தூது ஆர்.என்.ஏவுடன் பிணைந்து புரத ஆக்கத்தைக் குறைப்பவை. மிர்-200 குடும்பம் செப்1 புரதத்தை ஒடுக்குவதால் ஈ-கேடரின் நிலைபெறுகிறது; செல்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. அக்குடும்பம் குன்றின் பிடி தளர்ந்து அவை இடம்பெயர்கின்றன. இவ்விளக்கம் பல்வகைப் புற்றுகளில் சோதிக்கப்பட்டு வலுப்பெற்றுள்ளது.

மிர்-10பி பற்றிய கூற்றோ அத்தகையதன்று. இரைப்பைப் புற்றில் அது ஹாக்ஸ்டி10ஐ ஒடுக்கி ஊடுருவலைத் தூண்டும் என்பர் ஒரு சாரார். மெத்திலேற்றத்தால் அதுவே அங்கு அடங்கியிருப்பதைக் காட்டி, அதனைப் புற்றடக்கி என்பர் மற்றொரு சாரார். 'ஊக்கி', 'அடக்கி' என்னும் பெயரீட்டில் அமைதி காணும் தொகுப்புரைகள் இம்முரணைக் கடந்து சென்றுவிடுகின்றன. எந்தச் செல்லில் கண்ட முடிவு என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

அவ்வினா வெறும் நுணுக்கம் அன்று. இரைப்பைப் புற்றுக்குரியவை எனக் கருதி ஆய்வகங்களில் பெரிதும் கையாளப்பட்ட எஸ்.ஜி.சி-7901, பி.ஜி.சி-823 ஆகிய செல் வரிசைகள், மரபணு அடையாளச் சோதனையில் ஹீலா வழியினவாக வெளிப்பட்டன. ஹீலாவோ 1951இல் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து பெறப்பட்டது. அவற்றில் கண்ட மூலக்கூறு வினை பொய்யாகிவிடாது. ஆயின் 'இரைப்பை' என்னும் அடைக்கு அங்கே இடமில்லை. அடையாளச் சான்றில்லாத முடிவுகளைத் தொகுப்புரையாளர் தனி அட்டவணையில் பிரித்து வைத்தல் வேண்டும். நோயாளியின் திசுக்களில் உறுதிப்பட்டவற்றோடு அவற்றை ஒருசேர எண்ணுதல் பிழை.