கோட்டுக்கும் முதுகு உண்டு

கார்ட்டூன் பாத்திரங்கள் தட்டையானவை, கோட்டுக்கு முதுகு கிடையாது, அதனால் அவற்றைச் சிலையாக வடிக்க முடியாது. சேகரிப்பாளர்கள் மத்தியில் இந்தக் கருத்து இன்று வேதவாக்காகிவிட்டது. சினிமா நாயகர்களுக்கும் காமிக்ஸ் வீரர்களுக்கும் வருடந்தவறாமல் சிலைகள் வந்து குவிகின்றனவே, தொலைக்காட்சி அனிமேஷன் தொடர்களுக்கு மட்டும் ஏன் இந்த வறட்சி என்று கேட்டால் இந்த ஒற்றைப் பதிலில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதிலில் வரலாறும் தவறு, கைவேலை பற்றிய புரிதலும் தவறு.

வரலாற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். 1930களின் இறுதியில் டிஸ்னி நிறுவனத்தில் ஜோ கிராண்ட் தலைமையில் பாத்திர மாதிரிகளுக்கென்றே ஒரு துறை இயங்கியது. 1940இல் வெளிவந்த ‘பினோக்கியோ’வின் பாத்திரங்களை அங்கே சிறு சிலைகளாக வடித்தார்கள். பல ஓவியர்கள் ஒரே பாத்திரத்தை வரையும்போது எந்தக் கோணத்திலும் உருவம் பிசகாமல் இருக்க, திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு சிலை தேவைப்பட்டது. மாக்கெட் என்று அதற்குப் பெயர். பின்னாளில் ரூபன் புரோகோபியோவும் கென்ட் மெல்ட்டனும் அந்த மரபை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். மெல்ட்டனின் கை, டிஸ்னியின் 1990களைக் கடந்து பிக்சாரின் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ வரை நீண்டது. திரையில் நாம் ரசித்த பல முகங்களுக்குப் பின்னால் இருந்த இந்தச் சிற்பிகளின் பெயர் ரசிகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஜப்பானிலோ 1980களிலேயே இளைஞர்கள் தங்கள் அனிமே நாயகிகளை வீட்டில் ரெசினில் வார்த்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். 1985இல் தொடங்கிய வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற சிலை விற்பனை விழா அந்த வேகத்தில் பிறந்ததுதான்.

கோட்டோவியத்தை முப்பரிமாணத்துக்குக் கொண்டுவருவதில் சிக்கல் இருப்பது உண்மை. மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு காதுகளும் வட்டமாகவே தெரியும். ஓவியத்தில் அது நடக்கும், களிமண்ணில் நடக்காது. எந்தக் கோணத்துக்கு விசுவாசமாக இருப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று சிற்பி முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுதானே சிற்பக்கலை!

சரிவு வந்தது 1990களில். 1992இல் புரூஸ் டிம்மும் எரிக் ராடோம்ஸ்கியும் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரைக் கொண்டுவந்தார்கள். பின்னணிகளைக் கறுப்புத் தாளின்மேல் தீட்டினார்கள். ஹார்லி குவின் என்ற மகத்தான பாத்திரம் பிறந்ததே அந்தத் தொடரில்தான். வார்னர் நிறுவனத்தின் சொந்தக் கடைகளில் அதன் மாக்கெட்டுகளும் விற்பனைக்கு வந்தன. அந்த வழி அப்படியே நீண்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் ராண்டி போவனின் மார்வெல் மார்பளவுச் சிலைகள் சந்தையைப் பிடித்தன. அடுத்து சைட்ஷோ நிறுவனம் நிஜத் துணி உடுத்திய பெரிய சிலைகளோடு வந்தது. சிலையின் மதிப்பு அதில் எத்தனை மயிர்க்கால், எத்தனை தசைநார், எத்தனை தையல் தெரிகிறது என்பதாகச் சுருங்கியது அப்போதுதான். போவன் நல்ல சிற்பி, மறுப்பதற்கில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் நுணுக்கத்தை எடைபோட்டு விற்கத் தொடங்கினார்கள்.

டிம்மின் பேட்மேனை ஒரு சிற்பியின் கண்ணோடு பாருங்கள். தோளிலிருந்து தரைவரை மேலங்கி ஒரே வளைவு. தாடை ஒரு செங்கல். மார்பு அகன்று, கணுக்கால் சிறுத்து நிற்கும். இதில் பிழையை ஒளித்துவைக்க இடமே இல்லை. அச்சு சேரும் கோடு, உப்புத்தாள் சரியாகத் தேய்க்காத இடம், சாம்பல் நிறம் கறுப்புக்குள் கசிந்த விளிம்பு எல்லாமே பார்த்தவுடன் தெரிந்துவிடும். சொரசொரப்பான சுவரில் கொத்தனாரின் பிழை மறைந்துகொள்ளும்; வழவழப்பாகப் பூசிய சுவரில் விளக்கு வெளிச்சம் பட்டதும் பல்லிளிக்கும். போதாக்குறைக்கு, பெரிய நிறுவனங்களுக்குப் பிடித்த பாலிஸ்டோன் கல்தூள் கலந்த ரெசின். கனமானது, எளிதில் உடைவது. அந்தச் சின்னக் கணுக்கால் அத்தனை பாரத்தைத் தாங்க உள்ளே கம்பி கொடுக்க வேண்டும். சுருக்கமும் செதிலும் நிறைந்த அரக்கனை வடிப்பதைவிட இது கடினமான வேலை. பார்ப்பதற்கு எளிமையாகத் தெரிவதால் வாங்குபவர் ஆயிரம் டாலர் தரத் தயங்குகிறார், அவ்வளவுதான்.

அதனால்தான் நிறுவனங்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஓவியத்தைக் கைவிடுகின்றன. ஹீ-மேனும் தண்டர்கேட்ஸின் லயன்-ஓவும் சிலையாக வராமலில்லை. வந்தவற்றில் பெரும்பாலானவை தசை புடைத்து, நரம்பு தெறித்து, நாம் பார்த்த தொடருக்குச் சம்பந்தமே இல்லாத மனிதர்களாக நிற்கின்றன. ஒரு ஓவியரின் கோட்டைப் பிழையென்று கருதித் திருத்துவது அவமதிப்பு. ஓவியத்துக்கு உண்மையாக இருக்கும் சிலைகளோ பெரும்பாலும் மலிவுவிலை பிவிசி வரிசைக்குத் தள்ளப்படுகின்றன.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு ஜென்டில் ஜெயன்ட் சாட்சி. கெண்டி டார்டகோவ்ஸ்கியின் ‘ஸ்டார் வார்ஸ்: குளோன் வார்ஸ்’ குறுந்தொடர் 2003இல் வந்தது. அதன் கூர்மையான, நறுக்கிவைத்தாற்போன்ற வடிவங்களை அந்த நிறுவனம் அப்படியே மாக்கெட்டுகளாக்கியது. பிறகு பழைய மூன்று ஸ்டார் வார்ஸ் படங்களின் போபா ஃபெட்டைக்கூட அதே பாணியில் வடித்து விற்றது. நடிகர் அணிந்த கவசத்தையே அனிமேஷன் வடிவத்தில் வாங்க ஆளிருந்தது என்றால், ரசிகர்களுக்கு இந்த ரசனை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதே டார்டகோவ்ஸ்கியின் ‘சாமுராய் ஜாக்’ பாத்திரங்களுக்குப் புறக்கோடே கிடையாது. நிறப் பரப்புகள் மட்டும்தான். சிற்பத்துக்கு அதைவிட அருகில் வரும் ஓவியம் எது? ‘கார்காயில்ஸ்’ தொடரின் நாயகர்கள் பொழுது விடிந்தால் கல்லாகவே உறைந்துபோகிறவர்கள். 1994இல் வந்த அந்தத் தொடருக்குப் பொம்மைகள் வந்த அளவுக்குச் சிலைகள் வரவில்லை என்பதை எந்தத் தட்டைக் கோட்டின் தலையில் கட்டுவது?

அடிப்படைக் காரணம் தொழிலின் ஏற்பாட்டில் இருக்கிறது. ஜப்பானில் ஒரு தொடரின் தயாரிப்புக் குழுவில் குட் ஸ்மைல் போன்ற சிலை நிறுவனங்களே பணம் போட்டுப் பங்காளிகளாக அமர்வதுண்டு. தொடர் ஓடும்போதே சிலையின் வேலையும் தொடங்கிவிடும். அமெரிக்காவில் அனிமேஷன் நீண்ட காலம் குழந்தைகளின் பொம்மைக்கான விளம்பரமாகவே நடத்தப்பட்டது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் சம்பாதித்துச் செலவழிக்கும் வயதை எட்டும்போது தொடர் முடிந்து பல வருடம் ஆகியிருக்கும். உரிமத்துக்குப் பணம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புதல் வாங்கி, சில நூறு பிரதிகள் விற்பதற்கு எந்த முதலாளியும் துணிவதில்லை. அடுத்த மாதம் வெளியாகும் படம்தான் அவருக்குப் பாதுகாப்பு.

இதற்கு வழியும் வொண்டர் ஃபெஸ்டிவலிலேயே இருக்கிறது. விழா நடக்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டும், உரிமையாளர்கள் தனிநபர்களுக்கு அனுமதி தருகிறார்கள். தொழில்முறையில் இல்லாத ஒரு சிற்பி தான் வார்த்த சில பிரதிகளைச் சட்டப்படி விற்கலாம். இன்று கணினியில் வடித்து வீட்டு ரெசின் அச்சுப்பொறியில் எடுக்கும் தனிச் சிற்பிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். டிம்மின் அந்த ஒற்றை வளைவை மதித்து வடிக்கத் தெரிந்தவர்கள் அவர்களிடையே உண்டு. உரிமம் இல்லாததால் ஒளிந்து விற்கிறார்கள். வார்னரும் டிஸ்னியும் ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு மாநாட்டு அரங்கில் அந்தக் கதவைத் திறந்துவிடட்டும். எந்தத் தொடருக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பெரிய நிறுவனங்கள் நேரிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.