சுட்ட மண்

விருத்தாசலத்தில் ஒரு வேலை. அது சீக்கிரமே முடிந்துவிட்டது. ரயிலுக்கு நேரம் இருந்தது. பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு, பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சிறு பட்டறைக்குள் நுழைந்தேன். அந்த ஊருக்குப் போகிற நம்மில் பலர் கோயிலோடு திரும்பிவிடுகிறோம். அங்கே ஒரு செராமிக் தொழிற்பேட்டை உண்டு. அந்தத் தொழிலைக் கற்பிக்க அரசாங்கக் கல்வி நிலையமும் உண்டு. அகல் விளக்கிலிருந்து மின்சார ஃப்யூஸ் கட்டை வரையில் அந்த ஊர் மண்ணைப் பிசைந்துதான் பிழைக்கிறது.

பட்டறை அலமாரியில் காந்தியும் வள்ளுவரும் பிள்ளையாரும் வரிசையாக இருந்தார்கள். கீழ்த்தட்டில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் இருபது முப்பது பேர். ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே விறைப்பு. ஒருவனுக்கு மட்டும் கழுத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. அவனைத் தனியே மூலையில் போட்டிருந்தார்கள்.

"இதைக் கரைத்து மறுபடியும் பொம்மை பண்ணலாமா?" என்று அங்கிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"சுடறதுக்கு முந்தின்னா தொட்டியிலே போட்டுக் கரைச்சுடலாங்க. சூளைக்குப் போய் வந்துட்டா உடைக்கத்தான் முடியும், மறுபடி மண்ணாகாதுங்க" என்றார்.

அவர் தொழிலைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் ரயில் ஏறிய பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. காய்ந்த களிமண்ணில் நீரை ஊற்றினால் அது இளகிப் பழைய மண்ணாகிவிடுகிறது. சூளையில் 500, 600 டிகிரிச் சூடு ஏறியதும் மண்ணோடு மண்ணாகப் பிணைந்திருந்த நீரும் போய்விடுகிறது. அப்புறம் ஆயிரம் வருஷம் மழையில் நனைந்தாலும் பழைய நிலை இல்லை. யுத்தத்தில் பிள்ளையைக் கொடுத்த ஒரு வீட்டின் கதையும் இதுதான் அல்லவா? அந்த வீடு நிற்கிறது, உறுதியாகக்கூட நிற்கிறது. முன்பு இருந்த வீடாக அது இனி ஆகாது.

யுத்தத்தையும் இழப்பையும் சிற்பமாக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் சின்னத்தைத் தேடிப் போகிறார்கள். முறிந்த வாள், கவிழ்த்த துப்பாக்கி, புறா, அணையா விளக்கு என்று ஒரு பட்டியலே தயாராக இருக்கிறது. எதிலே செய்வது என்ற கேள்வியைக் காண்டிராக்டரிடம் விட்டுவிடுகிறார்கள். இதுதான் முதல் பிழை என்பது என் கட்சி. கல்லும் மண்ணும் தாமே பேசக்கூடியவை. அவை பேசுவதைக் கேட்காமல் செதுக்கிய சின்னம் வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது.

மண்ணைப் பேசவிட்ட ஒரு காரியம் 2014-ல் லண்டனில் நடந்தது. முதல் உலக யுத்தம் மூண்டு நூறாண்டு ஆனதை ஒட்டி, லண்டன் கோபுரத்தின் அகழியில் செக்கச்செவேலென்ற பீங்கான் பாப்பிப் பூக்களை நட்டார்கள். பால் கம்மின்ஸ் என்ற பீங்கான் கலைஞரும், டாம் பைப்பர் என்ற மேடை அமைப்பாளரும் சேர்ந்து செய்தது. மொத்தம் 8,88,246 பூக்கள். இறந்த சிப்பாய் ஒருவனுக்கு ஒரு பூ என்று கணக்கு. ஒவ்வொன்றும் கையால் உருவானது. கூலி வாங்காத தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நட்டார்கள். நவம்பர் 11-ல் கடைசிப் பூ ஊன்றப்பட்டது.

அழகாக இருக்கிறது, ஆகவே யுத்தத்தின் கோரத்தை மூடி மறைக்கிறது என்று லண்டனில் ஒரு விமர்சகர் குறை சொன்னார். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது திருவிழா ஜமக்காளம் போலத்தான் தெரிந்திருக்கும். ஆனால் குனிந்து ஒரு பூவைக் கையில் எடுத்தவனுக்கு வேறு விஷயம் தெரிந்திருக்கும். அந்தச் சிப்பாய்களில் எத்தனையோ பேர் பிளாண்டர்ஸ் களிமண் சேற்றில் மாண்டவர்கள். அந்தச் சேற்றிலேதான் பாப்பியும் பூத்தது. களிமண்ணை நெருப்பில் இட்டுப் பூவாக்கும்போது, மாண்டவனும் நிலமும் நெருப்பும் ஒரு பிடிக்குள் வந்துவிடுகின்றன. இங்கே சின்னத்தையும் மண்ணையும் பிரிக்க முடியாது. ஒரு பூவைப் போல மற்றொன்று இல்லை என்பதும் முக்கியம். விருத்தாசலத்துச் சிப்பாய்களைப் போல அச்சில் வார்த்திருந்தால் எண்ணிக்கை மிஞ்சியிருக்கும், மனிதன் மறைந்திருப்பான்.

இது நமக்குப் புதிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். போரில் பட்டவனுக்குக் கல் நட்டவர்கள் நாம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அதை நட்டு வாழ்த்துவது வரையில் தொல்காப்பியம் முறை வகுத்திருக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். வீரன் வில்லோடும் வாளோடும் பாய்ந்து நிற்கிறான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. பேரும் ஊரும் எழுத்தாகப் பொறித்திருக்கிறது. கல் அவனுடைய புகழைச் சொல்கிறது. அவன் வீட்டில் அன்று இரவு என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கு மண் வந்தது. புறநானூற்றின் 256-ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒரு பெண் குயவனிடம் பேசுகிறாள். அவனைப் புதைக்கும் தாழியைச் சற்றே அகலமாக வனைந்து தரவேண்டும், தனக்கும் அதில் இடம் வேண்டும் என்று கேட்கிறாள். வீரனின் உருவம் இல்லை, வாள் இல்லை, ஒரு பானையின் அகலம் மட்டும் இருக்கிறது. துக்கத்துக்கு இவ்வளவு பொருத்தமான அளவுகோலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்காகக் கல் என்றால் புகழ், மண் என்றால் துக்கம் என்று அகராதி எழுதிவிடவும் முடியாது. ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஓர் அம்மாள். அவருடைய மகன் பீட்டர் 1914-ல் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர விரும்பினான். தகப்பனார் சம்மதிக்கவில்லை. தாய்தான் மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அக்டோபரில் பெல்ஜியத்தில் பையன் இறந்துபோனான். அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்யத் தொடங்கினார். முதலில் இறந்து கிடக்கும் மகனின் உருவத்தைத்தான் நினைத்தார். அது சரிப்படவில்லை, வருஷக்கணக்கில் நின்றுபோயிற்று. கடைசியில் 1932-ல் சிற்பம் முடிந்தபோது அதில் மகன் இல்லை. கருங்கல்லில் தகப்பனும் தாயும் தனித்தனியே மண்டியிட்டிருக்கிறார்கள். அவர் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு விறைத்திருக்கிறார். அவள் குனிந்து போயிருக்கிறாள். இன்று அது பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ மயானத்தில், பீட்டரின் கல்லறை முன்னே இருக்கிறது. அங்கே கல் புகழ் பேசவில்லை, கனக்கிறது. எழுந்திருக்க முடியாத இருவரின் பாரம் அது. மகனை விலக்கிய பிறகுதான் கல்லுக்கு அந்தக் கனம் வந்தது. தாழி கேட்ட பெண்ணும் இதைத்தான் செய்தாள் என்று தோன்றுகிறது.

நம் காலத்துத் தமிழர் துக்கத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாக எழுப்பியிருந்த தூபியை 2021 ஜனவரி 8-ஆம் தேதி இரவு இடித்துத் தள்ளினார்கள். எதிர்ப்பு எழுந்தது, அதே வருஷம் ஏப்ரலில் மீண்டும் எழுந்து நின்றது. நல்லதுதான். ஆனால் இடிக்கக்கூடிய நினைவும் உண்டு, இடிக்க முடியாத நினைவும் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம், 2009-ன் கடைசி நாட்களில் சனங்கள் குடித்து உயிர் பிடித்திருந்த கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. எந்தச் சிற்பியும் வகுக்காத சின்னம் அது. சம்பவத்தோடு இருந்த பொருளே சின்னமானதால், அதற்கு விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் விருத்தாசலத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மண்ணின் குணமும் சூளையின் குணமும் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். துப்பாக்கிச் சிப்பாயை அவர்கள் செய்யட்டும், விற்கட்டும். பிழைப்பு நடக்க வேண்டும். ஆனால் அந்த ஊரிலிருந்து, அச்சில் வாராமல் கையால் வனைந்த ஒரு தாழியும் ஒருநாள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், சற்றே அகலமாக.

கழுத்து வெடித்த சிப்பாயைப் பெரியவர் எனக்குச் சும்மாவே கொடுத்தார். "உடைஞ்சதுக்கு என்னங்க காசு?" என்றார். என் மேஜை மேல் அவன் இருக்கிறான். பார்க்க வருகிறவர்கள் மற்ற பொம்மைகளை விட்டுவிட்டு அவனைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.