பழத்தின் இனிப்பும் இடுப்பின் சுற்றளவும்

எடையைக் குறைக்கக் கிளம்பியவர்கள் பழ விஷயத்தில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். "பழத்தில் இருப்பது இயற்கைச் சர்க்கரை, எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது" என்கிறது ஒரு கட்சி. "எங்கிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான், வாழைப்பழத்தைத் தொட்டால் எடை இறங்காது" என்கிறது மறு கட்சி. மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை தமிழ்நாட்டில் பரவியதிலிருந்து மறு கட்சிக்கு ஆள் கூடியிருக்கிறது. ஆய்வுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே கோட்டைத் தப்பான இடத்தில் போட்டிருக்கின்றன.

முதலில் வேதியியல். இதில் மறு கட்சி சொல்வதே சரி. பழத்தின் இனிப்பு என்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் ஆகிய மூன்றின் கலவை. சுக்ரோஸ் என்பது நாம் காபியில் போடும் அதே வெள்ளைச் சர்க்கரை. பழுத்த மாம்பழத்தின் இனிப்பில் பெரும்பங்கு அதுதான். மாமரத்தில் விளைந்தாலும் கரும்பாலையில் இறங்கினாலும் ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. 100 கிராம் தர்பூசணியில் சுமார் 6 கிராம் சர்க்கரை, பப்பாளியில் 8, கொய்யாவில் 9, ஆப்பிளில் 10, வாழைப்பழத்தில் 12, மாம்பழத்தில் 14, திராட்சையில் 15, பலாச்சுளையில் 19. கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம். சர்க்கரையின் அடர்த்தியை மட்டும் பார்த்தால் ஆப்பிளும் கோலாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மாம்பழம் கோலாவைத் தாண்டிவிடுகிறது. "இயற்கை, அதனால் கணக்கில் வராது" என்ற வாதம் இத்துடன் விழுந்துவிடுகிறது.

ஆனால் இதிலிருந்து "பழம் சாப்பிட்டால் எடை இறங்காது" என்ற முடிவுக்குத் தாவ முடியுமா? அதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். 2011-இல் வெளியான மெக்சிகோ ஆய்வில் உடல் பருமன் உள்ள 131 பேருக்குக் கலோரி குறைத்த உணவு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபிரக்டோஸ் நாளுக்கு 20 கிராமுக்குக் கீழே; பழமும் ஏறக்குறைய விலக்கு. மற்றப் பிரிவுக்கு 50 முதல் 70 கிராம், பெரும்பாலும் பழத்திலிருந்தே. ஆறு வாரம் கழித்துப் பழத்தை விலக்கியவர்கள் சராசரியாக 2.83 கிலோ குறைந்திருந்தார்கள். பழம் சாப்பிட்டவர்கள் 4.19 கிலோ. ஆறு வாரம் என்பது குறுகிய காலம், இது ஒரே ஓர் ஆய்வு. பழம் கொழுப்பைக் கரைக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பழத்தின் சர்க்கரை எடை இறங்குவதைத் தடுக்கிறது என்ற வாதத்தை மறுக்க இது போதும்.

டென்மார்க்கில் 2013-இல் வெளியான ஆய்வு இன்னும் கடினமான இடத்தில் கைவைத்தது. புதிதாக நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட 63 பேரில் பாதிப் பேரிடம் தினம் குறைந்தது இரண்டு பழம் சாப்பிடச் சொன்னார்கள். மீதிப் பேரிடம் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு வாரத்தில் முதல் பிரிவு 2.5 கிலோவும் இரண்டாம் பிரிவு 1.7 கிலோவும் குறைந்தன. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் செல்லாது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி-யிலும் வித்தியாசம் இல்லை. பழம் நன்மை செய்தது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, கெடுத்தது என்றும் சொல்லவில்லை.

பழத்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் பெரிய ஆய்வு 2015-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1,33,468 பேரை 24 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தது. தினசரி உணவில் ஒரு பங்கு பழம் கூடியவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் சராசரியாகக் கால் கிலோ அளவுக்கு எடை குறைவாக இருந்தது. எண்ணிக்கை மலைக்க வைக்கிறது, ஆனால் பலன் சிறியது. அதோடு, பழம் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் பெரும்பாலும் நடைப்பயிற்சியும் செய்வார்கள், புகையும் பிடிக்கமாட்டார்கள். கணக்கில் இவற்றைக் கழித்தாலும் முழுதாகக் கழியாது. துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், இதை நம்பி மட்டும் எதுவும் சொல்லக்கூடாது.

பழ ஆதரவாளர்கள் பேசாமல் தாண்டிப் போகும் ஆய்வு ஒன்றும் உண்டு. மக்களிடம் காய்கனி அதிகம் சாப்பிடச் சொன்ன சோதனைகளைத் தொகுத்து 2014-இல் வெளியான ஆய்வு, அப்படிச் சொல்வதால் மட்டும் எடை குறைவதாகத் தெரியவில்லை என்று முடித்தது. மெக்சிகோ முடிவோடு இது மோதுவது போலத் தோன்றும். மோதவில்லை. மெக்சிகோவில் மொத்தக் கலோரிக்கு ஒரு வரம்பு இருந்தது. பழம் வந்தபோது அந்த வரம்புக்குள் வேறொன்று வெளியே போயிற்று. வரம்பு வைக்காமல் பழத்தை மட்டும் சேர்த்தால் அது ஏற்கெனவே சாப்பிடுவதன் மேல் ஏறி உட்காரும். டெல்லியில் நடந்து 2025-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில் நீரிழிவு உள்ள 35 பேர் கலந்துகொண்டார்கள். காலை உணவில் ரொட்டிக்குப் பதிலாக 250 கிராம் மாம்பழம் எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்கு எடையும் சர்க்கரை அளவும் சற்றுக் குறைந்தன. "மாம்பழம் நல்லது" என்று செய்தி பரவியது. "ரொட்டிக்குப் பதிலாக" என்ற பாதி வழியிலேயே உதிர்ந்துபோனது. வயிறு நிறையச் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு முடித்துவிட்டு ஒரு பெரிய மாம்பழத்தை அரிந்து சாப்பிட்டால், சதை 300 கிராம் என்று வைத்தாலும் 180 கலோரி கூடுதல். ஏறக்குறைய மூன்று இட்லி.

ஃபிரக்டோஸ் பற்றிய அச்சத்தையும் எடைபோட வேண்டும். அது பெரும்பாலும் கல்லீரலில் கையாளப்படுவதால் அங்கே கொழுப்பாக மாறும் என்பது வாதம். இதற்கு ஆதாரம் இருக்கிறது: 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வில், தினசரிக் கலோரியில் 25 சதவீதத்தை ஃபிரக்டோஸ் கலந்த பானமாகக் குடித்தவர்களுக்குப் பத்து வாரத்தில் வயிற்றுக்குள் கொழுப்பு கூடியது. ஆனால் அளவைப் பாருங்கள். 2,000 கலோரியில் 25 சதவீதம் என்றால் 125 கிராம் ஃபிரக்டோஸ். 100 கிராம் ஆப்பிளில் இருப்பது சுமார் 6 கிராம். அந்த அளவை எட்ட தினம் இரண்டு கிலோ ஆப்பிளைக் கடித்து முடிக்க வேண்டும். சர்க்கரைக்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசிய கலிஃபோர்னிய மருத்துவர் ராபர்ட் லஸ்டிக்கே முழுப் பழத்தைக் குறை சொல்வதில்லை.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். சர்க்கரை ஒன்றே என்றால் ஆப்பிளும் கோலாவும் ஏன் வேறுவேறாக நடந்துகொள்கின்றன? 1977-இல் இங்கிலாந்தில் பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து உள்ள ஆப்பிளை மூன்று வடிவில் கொடுத்தார்கள்: முழுசாக, மசித்து, சாறாக. சாற்றை முழு ஆப்பிளைவிடப் பதினொரு மடங்கு வேகத்தில் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வு முழுப் பழத்தில் அதிகம், மசித்ததில் அதற்குக் கீழே, சாற்றில் மிகக் குறைவு. சாற்றுக்குப் பிறகு இன்சுலின் அதிகமாக ஏறியது, ரத்தச் சர்க்கரையும் பின்னர் அதிகமாகச் சரிந்தது. 2009-இல் அமெரிக்காவில் 58 பேரிடம் செய்த சோதனையில், மதிய உணவுக்கு முன் ஆப்பிள் துண்டுகளைச் சாப்பிட்டவர்கள் ஆப்பிளின் கலோரியையும் சேர்த்தே மொத்தத்தில் 15 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். சாற்றுக்கு அந்தப் பலன் இல்லை. பழத்தில் இருக்கும் அளவுக்கு நார்ச்சத்தைச் சாற்றில் கலந்து கொடுத்தும் பசி அடங்கவில்லை. "நார்ச்சத்துதான் காரணம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இது அசைத்துவிடுகிறது. வேலை செய்வது பழத்தின் கட்டுமானம்: கடிக்க ஆகும் நேரம், மெல்லும் உழைப்பு, உடையாத சதை வயிற்றில் அடைத்துக்கொள்ளும் இடம்.

ஜூஸ் கடையில் நின்று பார்த்தால் இந்தக் கட்டுமானம் கலைவது கண்ணுக்கே தெரியும். சாத்துக்குடியை இரண்டாக வெட்டிப் பிழிகிறார்கள். ஒரு டம்ளர் நிறைய மூன்று நான்கு பழம் ஆகிறது. வடிகட்டியில் நின்ற சக்கை குப்பைக் கூடைக்குப் போகிறது. கூடவே இரண்டு கரண்டி சர்க்கரை, ஐஸ். "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லி வாங்கினாலும், உரித்துச் சுளை சுளையாகத் தின்றிருந்தால் கால் மணி நேரம் பிடித்திருக்கும் பழங்கள் ஒரே மூச்சில் உள்ளே போகின்றன. உலக சுகாதார அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கோட்டை இங்கேதான் போட்டது. தினசரிக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் அடக்கச் சொன்ன சர்க்கரைப் பட்டியலில் பழச்சாறும் தேனும் உண்டு. முழுப் பழம் இல்லை.

தேனைச் சொன்னதால் காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பவர்களின் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 64 கலோரி. அதே கரண்டிச் சர்க்கரையில் 50-க்குள். வெல்லமும் கருப்பட்டியும் எடைக்கு எடை சர்க்கரையை ஒட்டியே வருகின்றன. உலர்பழம் இடையில் நிற்கிறது: 100 கிராம் திராட்சையில் 69 கலோரி, நீர் வற்றிய கிஸ்மிஸில் அதே எடைக்கு 300 கலோரி. பேரீச்சையும் அந்தக் கணக்கில்தான்.

பேலியோ, கீட்டோ தரப்புக்கும் ஒரு நியாயம் செய்ய வேண்டும். மாவுச்சத்தை நாளுக்கு 30, 40 கிராமுக்குள் அடக்கும் திட்டத்தில் ஒரு செவ்வாழையே பாதி ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். அந்த விதிக்குள் பழத்தை விலக்குவது பொருத்தமே. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் தேவையா? 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர் ஓராண்டு பங்கேற்றார்கள். உணவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. இரு பிரிவிடமும் சேர்த்த சர்க்கரையைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். பழத்தை விடுவது ஒரு வழி. அது ஒன்றே வழி என்பதற்குச் சான்று இல்லை.

ஆகவே தீர்ப்பு: எடை குறைப்பவர் முழுப் பழத்தின் சர்க்கரையைத் தனியாக எண்ணத் தேவையில்லை, அதன் கலோரியைச் சாப்பாட்டோடு சேர்த்து எண்ண வேண்டும். மாலை பஜ்ஜிக்குப் பதிலாக வரும் கொய்யா உதவும். பஜ்ஜிக்குப் பிறகு வரும் கொய்யா உதவாது. பிழிந்ததும் வடித்ததும் காய்ச்சியதும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். பப்பாளி, தர்பூசணி, கொய்யாவில் தாராளம் காட்டலாம். பலா, மா, பெரிய வாழையில் அளவு வேண்டும். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் நாளொன்றுக்குச் சொல்வதே 100 கிராம் பழம்தான். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் எடை இறங்காததற்குப் பழத்தைக் குற்றம் சொல்லுமுன், அன்றைக்குக் குடித்த காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை விழுந்தது என்று கூட்டிப் பார்ப்பது நல்லது.