இளந்தத்தன் வழக்கு

போர்க்காலத்திற் பகைப்புலத்திலிருந்து வந்தோனை அரசு எங்ஙனம் நடத்துதல் வேண்டும் என்னும் வினா இக்காலச் சட்டநூலார்க்கே உரியதன்று. புறநானூற்றின் 47ஆம் செய்யுள் அவ்வினாவிலேயே பிறந்தது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனெனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட, கோவூர்கிழார் பாடி அவனைக் காத்தார் என்பது அப்பாட்டின் குறிப்புத் தரும் செய்தி.

இதனைப் புலவர் பெருமிதத்துக்கு எடுத்துக்காட்டாக்கி அமைந்துவிடுதலே பெருவழக்கு. அஃது அரைநோக்கே. வழக்குரையாகப் படிப்பார்க்கு முதலிற் புலப்படுவன, அதிற் சொல்லப்படாதவை. இளந்தத்தன் பெயர் பாட்டில் இல்லை. நலங்கிள்ளி பெயரும் இல்லை. ஒற்று என்னும் குற்றச்சாட்டே இல்லை. பிறர்க்குத் தீங்கறியாத வாழ்க்கை என்பதொன்றே மறுப்புக்கு அண்மையில் வருவது. அவ்வாழ்க்கையைத்தான் கோவூர்கிழார் விரிக்கின்றார். புலவர் பறவைபோற் பாலை பல கடந்து வள்ளல்களை நாடுவர். பெற்றது கொண்டு மகிழ்வர். சுற்றத்தை ஊட்டித் தமக்கென வையாது வழங்குவர். எல்லை கடந்து வந்தமையே நெடுங்கிள்ளிக்கு ஐயம் விளைத்தது. எல்லை கடத்தலே இவர்தம் தொழில் என்பது கோவூர்கிழார் விடை. ஐயத்தின் காரணமே ஐயத்தைப் போக்கும் சான்றாகிவிடுகின்றது! முடிவிற் புலவன் தலைமையை மண்ணாள்வோன் தலைமைக்கு நிகராக நிறுத்துகின்றார். உயிருக்கு மன்றாடுமிடத்து இத்துணைத் துணிவு பிறர்க்கு வாராது.

நெடுங்கிள்ளியும் நலங்கிள்ளியும் சோழரே. இருவர் கண்ணியும் ஆத்தியே என இப்புலவரே 45ஆம் செய்யுளில் இடித்துரைக்கின்றார். ஆதலின், இளந்தத்தன் உறையூர்க்கு அயலானானது பிறப்பாலன்று, போரால்.

ஈழத்திலே பிறப்பால் அயலாரான ஒருவர் கதை உண்டு. ஜெர்மனியிற் பிறந்த ஞானதிலோக தேரர் 1911இல் தொடந்துவைக்கு அருகே ஏரித் தீவொன்றில் துறவிமடம் நிறுவினார். 1914இற் போர் மூண்டதும் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டு, மறுவருடம் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். 1926இல் மீண்டார். 1939இல் மறுபடியும் தியத்தலாவை. பின்னர் இந்தியாவிலே தேராதூன். 1946இலேதான் இலங்கை திரும்பினார். பிரித்தானிய ஆட்சி இருமுறையும் அவர் பிறந்த நாட்டை நோக்கிற்றேயன்றி வாழ்ந்த வாழ்வை நோக்கவில்லை. 1957இல் அவர் மறைந்தபோது, சுதந்திர இலங்கை கொழும்புச் சுதந்திர சதுக்கத்தில் அரச மரியாதையுடன் தகனஞ் செய்தது.

எனினும் கோவூர்கிழார் வாதத்திலும் ஒரு குறை உண்டு. அது புலவரினத்துக்கு மட்டுமே அரண். அன்று உறையூர் வாயிலில் உப்புவணிகன் ஒருவன் அகப்பட்டிருப்பின் அவனுக்காகப் பாடுவார் யார்? போருக்கு முன் அரண் தேடுமாறு அறிவுறுத்தப்படுவோரை 9ஆம் செய்யுளில் நெட்டிமையார் எண்ணுமிடத்தும் ஆக்களும் அந்தணரும் மகளிரும் நோயுற்றோரும் மைந்தரைப் பெறாதோருமே வருகின்றனர், வழிப்போக்கன் வரவில்லை.

2007 ஜூன் 7ஆந் தேதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலான கொழும்புப் பகுதிகளின் விடுதிகளிலிருந்து பேருந்துகளில் ஏற்றியனுப்பப்பட்ட 376 தமிழரும் அத்தகைய வழிப்போக்கரே. சொந்த நாட்டின் தலைநகரிலே தங்குதற்குக் காரணங் காட்டவேண்டியவராயினர். பிறப்பாலன்றிப் போரால் அயலாரானோர். மறுநாளே உயர் நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. அவர்களுட் புலவர் எவர் என்று அது வினவவில்லை.