முள் வளையம்

நூவர் மக்களைப் பற்றி ஈவான்ஸ்-பிரிட்சார்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் 1940இல் வெளிவந்தது. மானிடவியல் மாணவர்கள் அதைப் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். நான் மாணவனல்ல, கதை எழுதுகிறவன். அதிலுள்ள ஒரு சின்னப் படத்துக்காகவே அந்தப் புத்தகத்தை மறுபடி மறுபடி கையில் எடுத்திருக்கிறேன்.

நூவர்கள் இன்றைய தெற்கு சூடானில், நைல் நதியை ஒட்டிய சதுப்பு வெளிகளில் மாடு வளர்த்து வாழ்கிறவர்கள். கன்று பால்குடி மறக்கவேண்டிய பருவம் வந்ததும் அதன் மூஞ்சியில் முள் வைத்த வளையம் ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். கன்று புல் மேயலாம், அதற்குத் தடையில்லை. மடியில் வாய் வைக்கப் போனால் முள் தாயைக் குத்தும், தாய் விலகிவிடும். மனிதன் கன்றை அடிக்கவும் இல்லை, இழுத்துக் கட்டவும் இல்லை. பெற்றவளையே மறுக்கவைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான். நான் சொன்ன படம் இந்த வளையத்தின் படம்தான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு சாமானும் உண்டு. கன்று செத்துப்போனால் தோலை உரித்துப் புல் அடைத்து, தாயின் மூத்திரத்தையே அதன்மேல் தடவிப் பசுவின் முன்னால் வைக்கிறார்கள். பசு சுரக்கிறது. உயிரோடிருக்கும் கன்றை விலக்க ஒரு கருவி, இல்லாத கன்றை இருக்கிறதாகக் காட்ட ஒரு கருவி. இரண்டையும் ஆசிரியர் சில வரிகளில், ஒரே குரலில், சொல்லிவிட்டுப் போகிறார். இரக்கப்பட்டு ஒரு சொல் சேர்த்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அந்த மண்ணில் கல் கிடையாது, இரும்பும் கிடையாது. முழுதும் களிமண். ஆகவே மாடு மேய்க்கும் சாமான்களில் பெரும்பகுதி மாட்டிலிருந்தே வருகிறது. தோல் படுக்கையாகிறது, கழுத்துப்பட்டையாகிறது, முளையில் கட்டும் கயிறாகிறது. கொம்பு கரண்டி, எலும்பு இடிக்கவும் சுரண்டவும். காளையின் விதைப்பை கூட வீண்போவதில்லை, புகையிலை வைத்துக்கொள்ளும் பையாகிறது. சாணம் எரிந்து கொசுவை விரட்டுகிறது. மிஞ்சிய சாம்பலைக் கொண்டு பல் துலக்குகிறார்கள். பால் கறக்கவும் மோர் கடையவும் மட்டும் சுரைக்குடுக்கை. நெற்றியில் ஆறு வரி கீறி ஆண்மகனான பிறகு எவனும் அந்தக் குடுக்கையைப் பிடித்துக் கறக்கக்கூடாது. பெண்களும் சிறுவர்களுமே கறக்கலாம். எத்தனை மாடு வைத்திருந்தாலும் தனியாக வாழ அவனால் ஆகாது என்பதை ஆசிரியர் இந்தக் குடுக்கையிலிருந்தே எடுத்துக்காட்டுகிறார். பின்னால் வரும் வம்சக் கிளைப் படங்கள் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லவில்லை.

இவ்வளவு நுணுக்கமாக அவரால் எப்படிப் பார்க்க முடிந்தது? நூவர்கள் அவருடைய கேள்விகளுக்குப் பிடிகொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தொழுவத்தருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது புத்தகத்தின் அதிர்ஷ்டம்.

குறை எனக்கு வேறிடத்தில் படுகிறது. நூவர் இளைஞன் தன் பிரியமான எருதின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொள்கிறான் என்று சொல்கிற இதே ஆசிரியர், எருதின் மணியையும் பட்டையையும் படம் வரைந்து காட்டும்போது அந்த எருது எது, அதன் பெயரைச் சூடிக்கொண்டவன் யார் என்று சொல்வதில்லை. சாமான் இருக்கிறது, ஆள் இல்லை.

ஆள் இல்லாதது தற்செயலா? 1927-28இல் ஆங்கில அரசு இந்த மக்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டது. அதே அரசின் விருப்பத்தின்பேரில்தான் அவர் 1930இல் அங்கே போனார். ஒருநாள் விடியும் வேளையில் சிப்பாய்கள் அவர் தங்கியிருந்த பட்டியைச் சூழ்ந்து, இரண்டு தீர்க்கதரிசிகளைத் தேடி, அகப்பட்டவர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். தம் நிலை தர்மசங்கடமாகிவிட்டது என்று அவரும் சீக்கிரமே கிளம்பிவிட்டார். இதை அவர் மறைக்கவில்லை, முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆனால் சில வரிகளோடு சரி. அன்று காலை மாடுகளை யார் அவிழ்த்தார்கள்? பால் கறந்தார்களா, மடி கட்டிப்போய்க் கதறினவா? முள் வளையத்தை அப்படிப் பார்த்த கண்ணுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். நாவலாசிரியன் என்றால் அந்தக் காலையை விட்டு நகர்ந்திருக்க மாட்டான் என்று எழுத நினைத்தேன். நம்மில் பலரும் நகர்ந்திருப்போம்.

1996இல் ஷாரன் ஹட்சின்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி நூவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஆட்கள் பேசுகிறார்கள், சச்சரவு செய்கிறார்கள். உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. சகோதரர்கள் சேர்ந்து குடும்பத்து மாடுகளைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறார்கள். ஈட்டியால் கொன்றவனுக்கு உள்ள தீட்டும் பரிகாரமும் துப்பாக்கியால் கொன்றவனுக்கும் உண்டா என்பது அவர்களுக்குள் பெரிய வழக்கு. ஈட்டி எறிந்தவனுக்குத் தான் யாரைக் கொன்றோம் என்று தெரியும். குண்டு போன இடம் யாருக்குத் தெரியும்?