பெல்ட் மேல் பழி போடாதீர்கள்

இந்த ஸ்னோமொபைலின் எஞ்சினைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு குறையும் இல்லை. 800 சிசியைத் தாண்டிய இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். எவ்வளவு குளிரிலும் பட்டனைத் தொட்டதும் கிளம்பிவிடுகிறது. சஸ்பென்ஷன் அருமை, கைப்பிடியின் சூடு அருமை, திரை வெயிலிலும் தெளிவு. வாங்க நினைப்பவர்கள் இதையெல்லாம் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பார்கள். வட ஒன்டாரியோவின் காட்டுப் பாதைகளிலும் உறைந்த ஏரிகளிலும் இந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டிய பிறகு, எனக்குப் பேச இருப்பது இடது பக்க மூடிக்குள் இருக்கும் சங்கதி மட்டும்தான். இரண்டு கிளட்ச், நடுவே ஒரு பெல்ட்.

கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். பெல்ட் கிழிகிற கோளாறு எந்தக் கம்பெனி வண்டியிலும் வரக்கூடியது. ஆனால் பல ஆண்டுகளாக இவர்களுடைய ஸ்னோமொபைலைத்தான் வாங்கி ஓட்டுகிறேன். அந்தப் பற்று இருப்பதால்தான் கோபமும் கூடுதலாக வருகிறது.

ஸ்னோமொபைலில் கியர் மாற்றுகிற வேலை கிடையாது. நம் ஊர் ஆக்டிவாவில் இருக்கிற அதே சிவிடி ஏற்பாடுதான். 1958ல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி தன் 600 காரில் ரப்பர் பெல்ட்டை வைத்துக் காட்டியதும் இதே தத்துவம். கிராங்க் ஷாஃப்டின் முனையில் பிரைமரி கிளட்ச், பின்னால் ஜாக் ஷாஃப்டில் செகண்டரி கிளட்ச். எஞ்சின் வேகம் பிடிக்கப் பிடிக்க பிரைமரிக்குள் இருக்கும் எடைகள் விரிந்து தட்டுகளை நெருக்கும். பெல்ட் அங்கே மேலே ஏறும், செகண்டரியில் உள்ளே இறங்கும். ஸ்கூட்டரில் இந்த வழியாகப் போவது பத்துக் குதிரைத்திறன்கூட இல்லை. இங்கே 150க்கு மேல், நிமிடத்துக்கு 8,000 சுற்றில். அத்தனையையும் சுமப்பது ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலத்தில், உள்ளே அராமிட் இழை ஓடும் ஒரு ரப்பர் பட்டை.

அந்தப் பட்டைதான் இந்த வண்டியில் நிற்கவே மாட்டேன் என்றது. சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மூடிக்குள் கரும்பொடி, கருகிய ரப்பர் வாடை, பிறகு ஒரு ஏரி நடுவில் படாரென்ற சத்தம். வண்டி விற்ற கடைக்குப் போனால் அடுத்த பெல்ட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். கனடாவில் ஒரு நல்ல பெல்ட் 200 டாலரைச் சுற்றி வரும். தேய்மானப் பொருள் என்பதால் வாரன்ட்டியும் இல்லை. புதிதை மாட்டிக்கொண்டு வந்தால் அதுவும் அதே வழியில் போனது. அறுந்த பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட அங்கே ஒருவரும் கேட்கவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

ஏனென்றால், செத்த பெல்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கிக் கருகியிருந்தால், டிராக் பனியில் உறைந்தோ புதைந்தோ நின்றபோது த்ராட்டிலை அழுத்தியிருக்கிறார்கள். பிரைமரி சுற்றியது, பெல்ட் நின்றது. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் வழுக்கல். தட்டில் எண்ணெய் படிந்ததா, ஸ்பிரிங் தளர்ந்ததா, மூடிக்குள் பனி புகுந்து ஈரமாகிறதா என்று தேட வேண்டும். உள்பக்கப் பற்கள் கொத்தாகப் பெயர்ந்திருந்தால், மைனஸ் 25ல் விறைத்துக் கிடந்த பெல்ட்டைச் சூடேற விடாமல் விரட்டியிருக்கலாம். துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம்.

என்னுடையது இவை எதிலும் சேரவில்லை. ஒரு ஓரம் கடையில் வாங்கியபோது இருந்த கூர்மையோடு இருந்தது. மறு ஓரத்தில் ரப்பர் உரிந்து, தறியில் அறுந்த பாவு நூல் போல வெள்ளை இழைகள் வரிசையாகத் தொங்கின. ஒரே பக்கம் இழை பிரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அலைன்மென்டைத்தான். இரண்டு கிளட்சும் ஒரே நேர்கோட்டில் இல்லை, பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் கோணலாக உள்ளே நுழைகிறது. அந்த நிலையில் எத்தனை பெல்ட் மாற்றினாலும் அத்தனையும் அதே ஓரத்தில்தான் கிழியும்.

அளப்பதற்கு ஒரு எஃகுப் பட்டை போதும். மாடலுக்கு ஏற்ற பட்டையை வாங்க வேண்டும். ஒரு வண்டியுடையது இன்னொன்றுக்குச் சேராது. பெல்ட்டைக் கழற்றி, செகண்டரியின் தட்டுகளை விரித்து, பட்டையை அதில் வைத்து முன்னால் நீட்டினால் அது பிரைமரியின் அசையாத் தட்டை ஒட்டிப் போகும். இப்போது இரண்டு இடத்தில் இடைவெளியைப் பார்க்க வேண்டும்: பிரைமரித் தட்டின் பின் விளிம்பில் ஒன்று, முன் விளிம்பில் ஒன்று. இரண்டும் சேர்ந்து கூடியோ குறைந்தோ இருந்தால் ஆஃப்செட் தவறு. செகண்டரிக்குப் பின்னால் ஷிம் வாஷரைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். முன்னும் பின்னும் கணிசமாக வேறுபட்டால் எஞ்சினே திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். பல மாடல்களில் இரண்டு இடைவெளியும் சமமாக இருக்கவே கூடாது. முன்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. முழு வேகத்தில் பெல்ட் எஞ்சினைச் செகண்டரியை நோக்கி இழுக்கிறது. ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் கொஞ்சம் திரும்பிக் கொடுக்கிறது. நிற்கும்போது இருக்கும் அந்தச் சிறு கோணல், ஓடும்போது நேராகிவிடும். மவுண்ட் நைந்துபோனால் இந்தக் கணக்கு முழுதும் கெட்டுவிடும். ஷெட்டில் அளந்தால் எல்லாம் சரியாகக் காட்டும், பாதையில் பெல்ட் கிழியும். ஆகவே பட்டையை எடுப்பதற்கு முன் எஞ்சினைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் பின்னால் போகாமல் தடுக்கும் டார்க் ஸ்டாப் இருக்கிற வண்டியானால் அதன் இடைவெளியையும் பாருங்கள்.

என் வண்டியில் மவுண்ட் புதுசு, கெட்டி. ஆஃப்செட்தான் தள்ளியிருந்தது. ஷிம் மாற்றுகிற வேலை ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்தது. செகண்டரியைக் கழற்றியபோது அதன் பின்னால் ஜாக் ஷாஃப்டைச் சுற்றிப் பழைய பெல்ட்டின் இழை கம்பியாக இறுகிக் கிடந்தது. இதை விட்டுவைத்தால் பேரிங்கின் சீல் போகும், பிறகு பேரிங்கும் போகும். பெல்ட் சிதறிய வண்டியில் புதிதை மாட்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வந்ததும் இரண்டு கிளட்சுக்கும் பின்னால் விரலை விட்டுத் துழாவாமல் மறுபடி எடுக்கக் கூடாது.

பெல்ட்டின் தொய்வு தனி விஷயம். இறுக்கமாக இருந்தால் ஐடிலிலேயே வண்டி ஊரும், ரிவர்ஸ் விழ அடம்பிடிக்கும். தளர்வாக இருந்தால் கிளம்பும்போது திக்கும். பெல்ட்டின் மேல் முதுகு செகண்டரியின் விளிம்பைவிட ஒரு நூல் உயர்ந்து நிற்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதைவிடப் பயனுள்ள பழக்கம், நன்றாக ஓட்டி நிறுத்தியதும் எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு கிளட்சின் தட்டுகளையும் அளப்பது. எது அதிகம் கொதிக்கிறதோ அங்கேதான் பெல்ட் வழுக்குகிறது.

புதுப் பெல்ட்டுக்கு மரியாதை செய்யவும் யாரும் சொல்லித் தருவதில்லை. அச்சிலிருந்து வந்த பூச்சு அதன் மேல் இருக்கும்; சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கிளட்ச் தட்டுகளை உரசு நாரால் தேய்த்துப் பழைய ரப்பர் கறையை எடுக்க வேண்டும். முதல் 50 கிலோமீட்டர் முழு த்ராட்டில் கூடாது. இன்னொன்று, அளவு ஒன்றுதானே என்று மலிவான வேறு பெல்ட்டைப் போடுவது. நீளமும் அகலமும் ஒத்துப்போனாலும் ரப்பரின் கலவையும் பக்கச் சாய்வும் மாறினால் எஞ்சின் சுற்றும் வேகமே மாறிவிடும். உங்கள் மாடலுக்குக் குறித்த பார்ட் நம்பரையே கேட்டு வாங்குங்கள்.

கம்பெனியைப் பாராட்டவும் காரணம் இருக்கிறது. மூடியைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம். உபரிப் பெல்ட்டுக்கு உள்ளேயே இடம் உண்டு. கூடவே தரும் ஒரு போல்ட்டைச் செகண்டரியில் திருகினால் தட்டுகள் தாமே விரிந்து கொடுக்கின்றன, உள்கையுறையோடே மாற்றிவிடலாம். ஏரி நடுவில், சிக்னல் இல்லாத இடத்தில், வெளிச்சம் மங்குகிற வேளையில் இதன் அருமை தெரியும். வடக்கே ஸ்னோமொபைலை எல்லோரும் பொழுதுபோக்காக மட்டும் ஓட்டுவதில்லை. அடுத்த மனிதர் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாதைகள் இவை. வண்டி நின்றால் குளிரோடு தனியாக இருக்க வேண்டியதுதான்.

அதனாலேயே கேட்கிறேன்: பெல்ட் மாற்றுவதற்கு இவ்வளவு யோசித்தவர்கள், அது ஏன் போகிறது என்று பார்க்கும் வழியைச் சொந்தக்காரரின் கையேட்டில் ஏன் தரவில்லை? எண்ணெய் எவ்வளவு, ஸ்பார்க் பிளக் இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் இருக்கிறது. அலைன்மென்ட் அளவு சர்வீஸ் புத்தகத்தில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியைக் கடையில் ஒருமுறை அளந்துவிட்டுக் கொடுத்தால் முடிகிற வேலை இது.

ஷிம் மாற்றியதிலிருந்து போட்ட பெல்ட் இன்றுவரை ஓடுகிறது. இரண்டு ஓரமும் ஒரே சீராகத் தேய்கின்றன. மூடிக்குள் பொடி இல்லை. கிளம்பும்போது இருந்த நடுக்கமும் போய்விட்டது; அது எஞ்சினின் குணம் என்றே எல்லோரும் என்னிடம் சொல்லியிருந்தார்கள். இப்போது இதை வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்பேன். டெலிவரி எடுக்கும் அன்று மட்டும் அவசரப்படாதீர்கள். மூடியைத் திறக்கச் சொல்லி, பட்டையை வைத்து உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். முன் இடைவெளி, பின் இடைவெளி இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டேன் என்கிற கடையில் பணம் கட்டாதீர்கள்.