தடையும் விடையும்: கந்தபுராண மகாசாத்தாப் படலம் – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தோர் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2009 சூலை 2இல் தீர்ப்பளித்தது. 2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018 செப்டம்பர் 6இல் அந்நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அவ்வுரிமையை மீட்டளித்தது. இவ்வழக்குகளை ஒட்டி எழுந்த விவாதங்களில் இருவேறு கூற்றுகள் திரும்பத்திரும்ப ஒலித்தன. ஒருபால் காதல் நம் மரபுக்கு அயலானது என்பது ஒன்று. புராணங்களே அதனை ஏற்றுள்ளன என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றுகளையும் கந்தபுராணத்தின் மகாசாத்தாப் படலத்தைக் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருவேறு எல்லைகள்

விண்ணுலகத்தாரிடையே விலக்கப்பட்ட காதல் என்பது அண்மைக்கால மேலைப் புனைவுகளில் பெருவழக்காக உள்ளது. டெரி பிராட்செட், நீல் கெய்மன் ஆகியோர் எழுதிய ‘குட் ஓமன்ஸ்’ (1990) புதினம் தேவதூதன் ஒருவனுக்கும் சாத்தான் படையினன் ஒருவனுக்கும் இடையிலான நட்பைக் கூறுகிறது. 2019இல் தொடங்கிய அதன் தொலைக்காட்சி வடிவம் 2023இல் அந்நட்பைக் காதலாகவே காட்டியது. அங்கே இருவரையும் பிரிப்பது பால் ஒற்றுமையன்று. அவர்கள் சார்ந்த பகை அணிகளே தடையாகின்றன.

கந்தபுராணத்தில் நிலை வேறு. தேவரும் அசுரரும் காசிபரின் மக்களே. சூரபன்மன் மாயைக்குப் பிறந்தவன். தேவர் அதிதிக்குப் பிறந்தவர். எனவே அவர்தம் பகை தாயாதிப் பகையாகும். காதல் அப்பகை எல்லையைக் கடப்பதில்லை. பாற்கடல் கடைந்தபோது திருமால் கொண்ட மோகினி வடிவம் அசுரரை மயக்கி அமுதத்தை மீட்கும் படைக்கருவியாகவே அமைகிறது. ஆயின் அதே மோகினி வடிவம் வேறோர் எல்லையைக் கடக்கிறது. அது பால் எல்லை.

மறுப்பும் மறுமொழியும்

மோகினி வடிவைக் காட்டுமாறு சிவபெருமான் கேட்கிறார். கண்டு விழைவு கொண்டு கூட்டத்தை நாடுகிறார். திருமால் உடன் இசையவில்லை. ஆணும் ஆணும் கூடுதல் பயனற்றது என்ற கருத்துப்பட மறுக்கிறார். திருமாலும் தம் சத்திகளுள் ஒருவரே எனச் சிவபெருமான் விடை கூறுகிறார். அதன்பின் நிகழும் கூட்டத்தில் அரிகரபுத்திரனாகிய சாத்தன் தோன்றுகிறான்.

பாகவதத்திலும் சிவன் மோகினியை விழையும் நிகழ்ச்சி உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரூத் வனிதாவும் சலீம் கித்வாயும் இந்திய ஒருபால் காதல் இலக்கியங்களைத் திரட்டி 2000இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகைநூலில் அப்பகுதி இடம்பெற்றுள்ளது. ஆனால் பாகவதத்தில் மேற்கண்ட உரையாடல் இல்லை, மகப்பேறும் இல்லை. கச்சியப்ப சிவாசாரியாரின் தமிழ்க் காப்பியமோ தடையைத் திருமாலின் வாயிலாகவே எழுப்பி, அதற்கு விடையும் தருகிறது. இவ்வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது.

இவ்விடை முழு ஒப்புதலாகாது. திருமாலைச் சத்தியாகக் கொள்ளும்போது கூட்டம் ஆண்–பெண் இணைவாகப் பொருள் மாற்றம் பெறுகிறது. தடை உடைக்கப்படவில்லை, சைவ தத்துவத்தின் துணையுடன் சுற்றிக் கடக்கப்படுகிறது. இருப்பினும், எழுப்பப்பட்ட மறுப்பைக் காப்பியம் மறைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லைக் காவலன்

இக்கதை கூறப்படும் இடமும் கருதத்தக்கது. சூரபன்மனுக்கு அஞ்சிச் சீகாழியில் மறைந்துறையும் இந்திரன், கயிலைக்குச் செல்லுமுன் இந்திராணியைச் சாத்தனின் காவலில் விடுகிறான். அச்சாத்தன் யார் என்பதை விளக்கவே அவன் பிறப்பு கூறப்படுகிறது. பின்னர் அசமுகி, இந்திராணியைத் தன் தமையனுக்காகக் கவர முயல, சாத்தனின் படைத்தலைவராகிய மகாகாளர் அவள் கையைத் துணிக்கிறார்.

பயனற்றது என மறுக்கப்பட்ட கூட்டத்தில் பிறந்தவனே தேவர்க்கும் அசுரர்க்கும் இடையில் காவலனாக நிற்கிறான். மறுப்புக்குச் சிவபெருமானின் சொல்லைவிட வலிய விடை இக்கதையமைப்பே எனலாம். மேலும், இப்பகுதியில் காப்பியம் ஒறுப்பது அரிகரக் கூட்டத்தையன்று. இசைவில்லாப் பெண்ணைக் கவர முயலும் வன்செயலையே. இசைவு, வன்முறை என்னும் இவ்வேறுபாட்டின் மீதே 2009, 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புகளும் நின்றன என்பது எண்ணத்தக்கது.

மிகைவாசிப்பின் இடர்

முருகனின் பேருருவைக் கண்ட சூரபன்மன் பகை மறந்து அப்பேரழகில் திளைத்துப் போற்றும் காட்சி யுத்தகாண்டத்தில் உண்டு. அதனையும் அசுரன் தேவன்பால் கொண்ட காதலாக வாசிக்கத் தூண்டல் எழலாம். ஆனால் அங்கு நிகழ்வது ஆணவம் கணப்பொழுது நீங்குதல். பேருரு மறைந்ததும் சினம் மீள்கிறது. போருக்குப் பின்னரே அவன் மயிலும் சேவலுமாக ஆட்கொள்ளப்படுகிறான். பத்தியைக் காமமாக்குவதும், மோகினிக் கதையின் காமத்தை வெறும் தத்துவமாக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்களாகும்.

முடிவுரை

ஒருபால் கூட்டம் பற்றிய வினா தமிழ் மரபில் எழவேயில்லை என்பார் கூற்றை மகாசாத்தாப் படலம் மறுக்கிறது. புராணம் அதனை அவ்வாறே ஏற்றது என்பார் கூற்றுக்கும் அது முழுச் சான்றாகவில்லை. இன்று வாழ்வோரின் உரிமை அரசியலமைப்பின் வழி நிறுவப்பட வேண்டியது. புராணச் சான்று கிடைத்தால் வளர்வதும் கிடைக்காவிடில் தேய்வதும் அவ்வுரிமைக்கு இயல்பன்று. தமிழாய்வின் கடமை அதனினும் எளியது: இப்படலத்தைக் கற்பிக்கும்போது திருமாலின் மறுப்பையும் அதற்குரிய விடையையும் விட்டுவிடாமல் கற்பிப்பதாகும்.